எட்டு பைட்டுகளில் ஒரு போர்க்களம்

டூம் விளையாட்டின் திரை 320 புள்ளி அகலம், 200 புள்ளி உயரம். புள்ளிக்கு ஒரு பைட் வீதம் ஒரு படத்துக்கு 64,000 பைட். நொடிக்கு 35 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 22,40,000 பைட் வருகிறது. 1993-ல் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஓடிக்கொண்டிருந்த ஈதர்நெட் நொடிக்கு ஒரு கோடி பிட், அதாவது 12,50,000 பைட்தான் சுமக்கும். அதையும் அந்தக் கேபிளில் தொங்கும் எல்லாக் கணினிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவருடைய திரையைக்கூட அதில் முழுதாக அனுப்ப முடியாது. இருந்தும், அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று டெக்சாஸின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூமில், நான்கு பேர் நான்கு கணினிகளில் அமர்ந்து ஒரே தளத்துக்குள் ஒருவரையொருவர் துரத்தினார்கள். 1994 தொடக்கத்தில் வந்த 1.2 பதிப்பில் தொலைபேசி மோடம் வழியாக இருவர் ஆடவும் வசதி வந்தது. நொடிக்கு 14,400 பிட் அனுப்பும் மோடம், ஈதர்நெட்டின் வேகத்தில் எழுநூறில் ஒரு பங்குதான்.

அப்படியானால் அந்தக் கம்பிக்குள் போனது என்ன?

திரையை அனுப்ப முடியாது என்றானதும் யாருக்கும் தோன்றும் அடுத்த யோசனை, பொருள்களின் நிலவரத்தை அனுப்புவது: எந்த அரக்கன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், உயிர் எவ்வளவு மிச்சம், எந்தக் கதவு பாதி திறந்திருக்கிறது, காற்றில் பறக்கும் தீப்பந்து எங்கே. ஒரு தளத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் பொருள்கள் இருக்கும். நொடிக்கு 35 முறை இவ்வளவையும் அனுப்ப மோடத்தால் ஆகாது. டூமின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் மூன்றாவது வழியை எடுத்தார். உலகத்தைப் பற்றி எதையுமே அனுப்புவதில்லை. ஆடுகிறவரின் விரல் என்ன செய்தது என்பதை மட்டும் அனுப்புவது.

டூம் ஒரு நொடியை 35 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வீரரிடமிருந்து 8 பைட் கிளம்புகிறது. முன்னே பின்னே எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு ஒரு பைட், பக்கவாட்டு நகர்வுக்கு ஒன்று, எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு இரண்டு, சரிபார்ப்புக்கு இரண்டு, அரட்டை எழுத்துக்கு ஒன்று, சுடுதல், கதவைத் திறத்தல், ஆயுதம் மாற்றுதல் ஆகிய பொத்தான்களுக்கு ஒன்று. அவ்வளவுதான். இந்த எட்டு பைட்டுக்கு முன்னால் டூமின் சொந்தத் தலைப்பு இன்னொரு எட்டு பைட். ஒரு வீரர் நொடிக்கு 280 பைட் ஆணைகள். மோடம் தாராளமாகத் தாங்கும்.

இது தபால் வழிச் சதுரங்கம் போன்ற ஏற்பாடு. இருவரிடமும் தனித்தனிப் பலகை. கடிதத்தில் போவது நகர்த்தல் மட்டும். பலகைகள் இரண்டும் ஒத்துப்போவது, இருவரும் ஒரே விதியை ஒரே மாதிரி கடைப்பிடிப்பதால்தான். டூமிலும் நான்கு கணினிகள் நான்கு முழு உலகங்களைத் தனித்தனியே நடத்துகின்றன. ஒரே ஆணைகளை ஒரே வரிசையில் வாங்கி ஒரே கணக்கைப் போடுவதால் நான்கிலும் ஒரே அரக்கன் ஒரே மூலையில் ஒரே நேரத்தில் சாகிறான். யாரும் யாருக்கும் சர்வர் இல்லை.

ஒரே கணக்கு என்று சொல்வது சுலபம். 386, 486 என்று விதவிதமான சில்லுகள் கொண்ட கணினிகளில் அதைக் கடைசி பிட் வரை காப்பாற்றுவதுதான் கடினம். டூம் தசமப் புள்ளி நகரும் எண்களை விளையாட்டுக் கணக்கில் தொடுவதே இல்லை. ஒவ்வொரு அளவும் 32 பிட் முழு எண். மேல் 16 பிட் முழுப்பகுதி, கீழ் 16 பிட் பின்னப்பகுதி. சைன் மதிப்புகள் முன்பே கணக்கிட்டு அட்டவணையாக நிரலுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. 386 சில்லில் பின்னக் கணக்குக்கான தனிப்பகுதி கிடையாது, ஆகவே இது வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் முழு எண் கூட்டல் எந்தச் சில்லிலும் ஒரே விடைதான் தரும். வேகத்துக்காக எடுத்த முடிவே ஒத்திசைவுக்கும் அடித்தளமாகிவிட்டது.

அதிர்ஷ்டத்தை என்ன செய்வது? துப்பாக்கிக் குண்டு சற்று விலகுவதும், அரக்கன் இடமா வலமா என்று தயங்குவதும் தற்செயல்தானே? டூமில் தற்செயல் என்பது 256 எண்கள் கொண்ட நிலையான ஓர் அட்டவணை. 0, 8, 109, 220, 222, 241 என்று அது தொடங்குகிறது. எப்போதெல்லாம் தற்செயல் எண் தேவையோ அப்போதெல்லாம் ஒரு சுட்டி ஓரடி நகர்ந்து அடுத்த எண்ணைத் தருகிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் சேதத்தைப் பாருங்கள். அட்டவணை எண்ணை மூன்றால் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டி, ஐந்தால் பெருக்க வேண்டும். எண் 220 என்றால் மீதி 1, சேதம் 10. அடுத்த எண் 222 என்றால் மீதி 0, சேதம் 5. எதிரியிடம் பத்துப் புள்ளி உயிர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினியில் சுட்டி 220-ல் நிற்க, இன்னொன்றில் ஓரடி முந்தி 222-க்குப் போயிருந்தால், அவன் ஒரு திரையில் செத்து விழுவான், மற்றதில் எழுந்து திரும்பிச் சுடுவான். அந்த நொடியிலிருந்து இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

அதனால்தான் டூமின் மூலநிரலில் அதே அட்டவணையைப் படிக்க இரண்டு தனிச் சுட்டிகள் இருக்கின்றன. ஒன்று விளையாட்டின் விதியைத் தீர்மானிப்பவற்றுக்கு மட்டும். மற்றது திரையடியில் இடமும் வலமும் பார்க்கும் வீரனின் முகம், ஒரு காட்சி உருகி அடுத்த காட்சி வருவது போன்ற அலங்காரங்களுக்கு. என் திரையில் மட்டும் நடக்கும் ஒரு கண்ணசைவு உங்கள் உலகத்தில் ஒரு குண்டின் கணக்கை மாற்றிவிடக் கூடாது. இரண்டு வரி நிரல்தான். ஆனால் இந்த விளையாட்டு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுவே.

இதே சிந்தனை இன்னும் ஆழமாகப் போகிறது. ஒருவர் விளையாட்டை நிறுத்திவைக்கும் விசையை அழுத்தினால் அவர் கணினி உடனே நிற்பதில்லை. அந்த விருப்பம் எட்டாவது பைட்டில் ஏறி எல்லோரிடமும் போய், எல்லோருக்கும் ஒரே டிக்கில் ஆட்டம் நிற்கிறது. ஆட்டத்தைச் சேமிப்பதும் அப்படித்தான். ஒருவர் சேமித்தால் நான்கு கணினிகளும் தத்தம் வட்டில் ஒரே கணத்தைச் சேமிக்கின்றன.

சரிபார்ப்புக்கான அந்த இரண்டு பைட்டில் போவது, அனுப்புகிறவர் 12 டிக்குக்கு முன் நின்ற இடத்தின் கிழக்கு மேற்கு அளவு; அதன் கடைசி 16 பிட். வாங்கும் கணினி, தன் உலகத்தில் அவர் அப்போது எங்கே நின்றார் என்று பார்த்து ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் ஒத்திசைவு தவறியது என்று ஒரு வரியை எழுதிவிட்டு ஆட்டம் டாஸ் இயங்குதளத்தின் திரைக்குத் திரும்பிவிடும். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் செய்தி தெரியும். இந்தச் சோதனை வீரனின் இடத்தை மட்டுமே பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். எங்கோ ஒரு மூலையில் ஓர் அரக்கன் இரு கணினிகளில் இரு பக்கம் நடந்துபோனால் அது உடனே தெரியாது. அவன் யாரையாவது முட்டித் தள்ளும்போதுதான் குட்டு உடையும். பிழை பிறந்த இடம் ஒன்று, வெளிப்படும் இடம் வேறு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நான்கு பேரின் ஆணைகளும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த டிக் நகரும். ஒருவருடைய கம்பி தாமதித்தால் நால்வரும் நிற்க வேண்டும். ஒருவருடைய கணினி மெதுவானால் எல்லோரும் அதன் வேகத்துக்கு இறங்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் சேர வழியே இல்லை. அதுவரை நடந்த ஒவ்வொரு டிக்கும் தெரியாமல் அவருடைய உலகம் உருவாக முடியாது.

முதல் பதிப்பில் இன்னொரு தவறும் இருந்தது. அது ஆட்டக்காரர்களைவிட அக்கம்பக்கத்தாரை அதிகம் வாட்டியது. டூம் தன் பாக்கெட்டுகளைக் குறிப்பிட்ட கணினிகளுக்கு அனுப்பாமல் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்குமாக அனுப்பியது. நால்வர் ஆடினால் நொடிக்கு 140 பாக்கெட்டாவது கிளம்பும். ஒருவருக்கென்று வரும் பாக்கெட்டை மற்றக் கணினிகளின் நெட்வொர்க் கார்டு வாசலிலேயே தள்ளிவிடும். எல்லோருக்குமாக வந்ததை அப்படித் தள்ள முடியாது. ஒவ்வொரு கார்டும் உள்ளே வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி, இன்டரப்ட் என்ற சைகையால் சில்லைக் கூப்பிட வேண்டும். கணக்குப் பிரிவில் யாரோ விரிதாளைத் திறந்திருப்பார். அவருடைய கணினியும் நொடிக்கு 140 முறை டூமுக்காகத் திரும்பிப் பார்க்கும். இன்டெல் போன்ற நிறுவனங்களும் கார்னகி மெலன் போன்ற பல்கலைக்கழகங்களும் டூமைத் தடை செய்ததற்கு வேலை நேரம் வீணாவது மட்டும் காரணமல்ல. 1.2 பதிப்பு இதைச் சரிசெய்து, யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் அனுப்பத் தொடங்கியது.

அந்தக் காலத்து டாஸ் இயங்குதளத்துக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாவற்றையும் நாமே ஏற்ற வேண்டும். முதலில் எல்எஸ்எல் என்ற நிரல், பிறகு என்இ2000 போன்ற கார்டுக்கான டிரைவர், பிறகு ஐபிஎக்ஸ்ஓடிஐ. வரிசை மாறினால் ஏறாது. ஐபிஎக்ஸ் என்பது நோவல் நிறுவனத்தின் நெட்வேர் சர்வர்களுக்கான நெறிமுறை. ஆனால் இரு கணினிகள் பேசிக்கொள்ள சர்வர் எதுவும் தேவையில்லை. முகவரியும் யாரும் எழுத வேண்டாம். கார்டில் தொழிற்சாலையிலேயே பதித்த 6 பைட் எண்ணே முகவரி. அன்றைய விளையாட்டு நிறுவனங்கள் பல ஐபிஎக்ஸை விரும்பியதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் சிக்கல்கள் வேறிடத்தில் காத்திருந்தன. என்இ2000 கார்டு பெரும்பாலும் இன்டரப்ட் 3-ல் அமர்ந்திருக்கும். இரண்டாவது சீரியல் போர்ட்டும் அதையே கேட்கும். இரண்டில் ஒன்றை ஜம்பரை மாற்றி நகர்த்த வேண்டும். ஐபிஎக்ஸ் பாக்கெட்டை ஈதர்நெட்டில் சுற்றுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. நெட்வேரின் பழைய பதிப்புகள் ஒன்றையும் 1993 வாக்கில் வந்தவை இன்னொன்றையும் இயல்பாகக் கொண்டிருந்தன. ஒரு கணினி ஒரு வடிவத்திலும் மற்றது மற்றதிலும் இருந்தால், கம்பி சரி, கார்டு சரி, டிரைவர் சரி, ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று கண்ணில் படாது. கேபிளோ கோஆக்சியல், இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டியிருக்க வேண்டும். ஒருவர் காலில் இடறி ஒரு முனை கழன்றால் அந்த வரிசையில் உள்ள அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள்.

கார்டு இல்லாதவர்களுக்குச் சீரியல் கேபிள் இருந்தது. இரு கணினிகளின் சீரியல் போர்ட்டுகளை, அனுப்பும் ஊசியும் வாங்கும் ஊசியும் குறுக்காக மாறும்படி இணைத்தால் போதும், இருவர் ஆடலாம்.

இவ்வளவு வகைப்பட்ட கம்பிகளில் ஓடிய டூமின் மைய நிரலுக்கு ஐபிஎக்ஸும் தெரியாது, மோடமும் தெரியாது. ஐபிஎக்ஸ்செட்டப், செர்செட்டப் என்று தனித்தனியான சிறு நிரல்கள் முதலில் ஓடும். அவை மற்ற ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து, நினைவகத்தில் ஓரிடத்தை ஒதுக்கி, அந்த இடத்தின் முகவரியைக் கட்டளை வரியில் எழுதி, டூமை அழைக்கும். டூமுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் போட்டுவிட்டு ஒரு மென்பொருள் இன்டரப்ட்டை எழுப்பும். பாக்கெட் எப்படிப் போகிறது என்பது செட்டப் நிரலின் பாடு. இந்தச் சிறு நிரல்களின் மூலத்தையும் இட் சாஃப்ட்வேர் வெளியே கொடுத்தது. டூமுக்கு இன்றுவரை ஆயுள் நீடிக்க இந்தப் பிரிவினை பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

1990-களின் நடுவில் ஜே காட்டன், ஸ்காட் கோல்மன் ஆகியோர் உருவாக்கிய காலி என்ற நிரல் ஐபிஎக்ஸ் பாக்கெட்டை இணையப் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பியது. விளையாட்டு பக்கத்து அறையில் யாரோ இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அவர் வேறு நகரத்தில் இருப்பார். இன்று நமக்குக் கைகொடுப்பதும் இதே உத்திதான். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஐபிஎக்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பழைய டாஸ் கணினியைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ், தனக்குள் ஒரு பொய் ஐபிஎக்ஸ் கார்டு வைத்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஐபிஎக்ஸ் என்ற இடத்தில் ட்ரூ என்று எழுதினால் அது விழித்துக்கொள்ளும்.

செய்முறை இதுதான். ஒருவர் டாஸ்பாக்ஸுக்குள் ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர் 19900 என்று தட்டுகிறார். மற்றவர் ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட், பிறகு முதலாமவரின் முகவரி, பிறகு 19900. எண் குறிப்பிடாவிட்டால் டாஸ்பாக்ஸ் 213-ஆம் யூடிபி போர்ட்டை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுக்கு நிர்வாகி அனுமதி வேண்டும், அதனால் பெரிய எண்ணே வசதி. பிறகு இருவரும் ஐபிஎக்ஸ்செட்டப்பை இரண்டு ஆட்டக்காரர் என்று சொல்லி இயக்க வேண்டும். ஒரே வீட்டு வைஃபைக்குள் என்றால் இவ்வளவே. இணையம் வழியாக என்றால், சர்வர் நடத்துகிறவரின் ரூட்டரில் அந்த யூடிபி போர்ட்டை அவருடைய கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். நம் ஊரில் மொபைல் இணைப்புகளும் பல பிராட்பேண்ட் இணைப்புகளும் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால் ரூட்டரைத் திறந்தும் பலன் இருக்காது. அப்போது இருவரும் ஒரே விபிஎன்னில் சேர்ந்து, அது தரும் முகவரியைப் பயன்படுத்துவதுதான் வழி.

தூரத்தை மட்டும் எந்த உத்தியாலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கே 40 மில்லி நொடி. டூமின் ஒரு டிக் 28.6 மில்லி நொடிதான். லண்டனில் இருக்கும் தம்பியின் ஆணை வந்து சேரும்வரை, சென்னையில் நீங்கள் அழுத்திய விசைக்கே உங்கள் திரை அசையாது. பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க இன்னும் நேரமாகும். அதற்கு எக்ஸ்ட்ராடிக் என்ற கட்டளை உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய டிக்கின் ஆணையையும் சேர்த்து அனுப்பச் சொல்வது அது. ஒன்று தொலைந்தாலும் அடுத்ததில் அது இருக்கும். இட் சாஃப்ட்வேர் 1996-ல் வெளியிட்ட குவேக்கில் இந்த முறையையே கைவிட்டு ஒரு சர்வரிடம் உலகத்தை ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த குவேக்வேர்ல்டு, சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் சொந்த நகர்வை முன்கூட்டியே ஊகித்துக் காட்டியது. இணையத்துக்கு அது பொருத்தம். ஆனால் எட்டு பைட் எளிமை அதில் இல்லை.

1997 டிசம்பர் 23 அன்று டூமின் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து பிறந்த சாக்லேட் டூம், பழைய ஆட்டத்தை இன்றைய கணினியில் அப்படியே நடத்துவதையே குறிக்கோளாகக் கொண்டது. அதற்கு டாஸ்பாக்ஸும் வேண்டாம். 'அப்படியே' என்பதில் பிழைகளும் அடக்கம். மூலநிரலில், நகரும் பொருள் ஒன்று தொடும் கதவு, பொறி போன்ற சிறப்புக் கோடுகளைக் குறித்துவைக்க எட்டு இடங்கள் மட்டுமே உண்டு. ஒன்பதாவது கோடு வந்தால் அது பக்கத்து நினைவகத்தில் போய் எழுதப்பட்டு, வேறொரு மதிப்பைக் கெடுக்கும். எந்த நிரலாளரும் இதைப் பார்த்ததும் திருத்தத்தான் நினைப்பார். சாக்லேட் டூமைச் செய்தவர்கள் அந்தப் பிழை பழைய டாஸ் நினைவகத்தில் எதைக் கெடுத்திருக்குமோ அதையே இன்றும் கெடுக்கும்படி பாவனை செய்தார்கள்.

காரணம், டூமின் பதிவுக் கோப்புகள். ஒருவர் ஆடியதைப் பதிவு செய்யும்போது டூம் படத்தைச் சேமிப்பதில்லை. டிக்குக்கு நான்கு பைட் ஆணையை மட்டும் சேமிக்கிறது. ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட். அதைத் திரும்பப் போடுவது, இறந்தகாலத்து ஆட்டக்காரர் ஒருவரோடு நெட்வொர்க்கில் ஆடுவதற்குச் சமம். அவருடைய உலகத்தில் நடந்த பிழை நம் உலகத்திலும் நடந்தால்தான் அடுத்த கணக்கு பொருந்தும். பிழையைத் திருத்திய நிரலில் அதே கோப்பைப் போட்டால், ஒன்பதாவது கோட்டைத் தொடும் இடம் வரை எல்லாம் சரியாக ஓடும். அதன்பின் வீரன் இல்லாத கதவுக்குள் நுழையப் பார்த்துச் சுவரில் முட்டுவான், இல்லாத எதிரியைச் சுடுவான்.

இருவர் ஆடும்போதும் இதுவே நிலை. பதிப்பு எண் வேறாக இருந்தால் டூம் தொடக்கத்திலேயே ஆட மறுத்துவிடும். ஆனால் தளங்கள் அடங்கிய வாட் கோப்பு இருவரிடமும் ஒன்றுதானா என்று பழைய டாஸ் பதிப்பு பார்ப்பதில்லை. ஒருவர் திருத்திய வாட் கோப்பும் மற்றவர் மூலக் கோப்பும் வைத்திருந்தால், ஆட்டம் தொடங்கி, கொஞ்ச தூரம் ஓடி, சரிபார்ப்பில் விழும். ஆகவே நண்பரை ஆடக் கூப்பிடும்போது முதலில் இருவரும் ஒரே இடத்திலிருந்து ஒரே நிரலையும் ஒரே வாட் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தின் ஒன்பது தளங்கள் கொண்ட ஷேர்வேர் பதிப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்று இட் சாஃப்ட்வேரே அனுமதித்திருந்தது. ரூட்டரில் கை வைப்பது அதற்குப் பிறகு.